நான் நீக்கிய ஒரு பெயர்

"டீச்சர், என் பேரு லிஸ்ட்ல கீதா இல்லியான்னு கொஞ்சம் பாருங்க."

காலை ஏழரை மணி இருக்கும். அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில், பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா போட்டு, அதன் கீழே மேசையும் வாக்காளர் பட்டியலுமாக நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்றவளுக்கு முப்பத்தைந்து வயது சொல்லலாம். நீல நிறக் காட்டன் புடவை, இஸ்திரி மடிப்பு கலையாமல். பிளாஸ்டிக் உறைக்குள் வாக்காளர் அட்டை. பூத் சிலிப் வரவில்லையாம், அதனால் என்னிடம் வந்திருக்கிறாள்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். மகேஸ்வரி. பதினேழாம் நம்பர் வீடு. பட்டியலில் அந்தத் தெருவுக்கு வந்து விரலை இறக்கினேன். பெயர் இருந்தது. போட்டோவும் இருந்தது. அந்தக் கட்டத்தின் மேல் குறுக்கே, நீக்கப்பட்டதற்கான குறியும் இருந்தது.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வீட்டுக்கு நீக்கல் படிவம் எழுதியது நான்தான்.

வெள்ளையடிக்கும் திருவிழா

பால்வாடி டீச்சருக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறவளைக் கூப்பிட்டு, "இந்த ஆறு தெருவுக்கும் நீதான் பி.எல்.ஓ." என்றார்கள். அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர்; வீடு வீடாகப் போய், யார் புதிதாக வந்தார்கள், யார் காலி செய்தார்கள், யார் காலமானார்கள் என்று பார்த்துப் பட்டியலைச் சரி செய்கிற வேலை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? எனக்குச் சின்ன வயதிலிருந்தே தேர்தல் என்றால் பைத்தியம்.

அப்பா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அம்பத்தூரில் எஸ்டேட் என்றால் தொழிற்பேட்டை, தேயிலையைத் தேடாதீர்கள். எங்கள் வீடு மெயின் ரோட்டைப் பார்த்த சுவரோடு இருந்ததால், தேர்தல் அறிவித்த மறுநாளே இரண்டு கட்சிக்காரர்களும் வந்துவிடுவார்கள். அப்பா ஒருத்தரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

"முன் செவுரு உனுக்கு, பக்கத்து செவுரு அவனுக்கு. ஆனா மொதல்ல வெள்ள அடிச்சிட்டுத்தான் எய்தணும், இன்னா?"

அவர்களும் இரண்டு கை வெள்ளையடித்துவிட்டு, சின்னத்தை வரைந்து, பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் வீடு வெள்ளையைப் பார்த்ததெல்லாம் அப்படித்தான். பொங்கலுக்கு மற்ற வீடுகள் பளிச்சென்று இருக்கும்போது எங்கள் வீடு அழுக்காக இருக்கும். தேர்தல் வந்தால் தெருவிலேயே எங்கள் வீடுதான் புதுசு. ஆட்சி சீக்கிரம் கவிழ்ந்தால் தேவலை என்று அம்மா வெளிப்படையாகவே சொல்லுவாள்.

போஸ்டர் ஒட்ட மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவார்கள். அதன் புளித்த வாடை தெரு முழுக்கச் சுற்றும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். இப்போது ஃப்ளெக்ஸ் பேனர் வந்துவிட்டது, அதற்கு வாடையே கிடையாது.

ஜீப்பிலிருந்து நோட்டீஸ் வீசிக்கொண்டே போவார்கள். ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சை. நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். மைக்கில் பேசுகிறவர், "தாய்மார்களே" என்று ஆரம்பித்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏய், டயர்ல மாட்டிக்கப் போற, தள்ளிப் போ" என்பார். அதுவும் மைக்கிலேயே கேட்கும். எங்கள் தெருவில் ஒரு தலைவர் பேசி முடித்த வாக்கியங்களை விட, எங்களைத் திட்டிய வாக்கியங்கள்தான் எனக்கு நினைவில் இருக்கின்றன.

கரும்பலகையில் முன்னணி

வாக்கு எண்ணும் நாளில் ஆண்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். டீக்கடையை ஒட்டி ஒரு பேப்பர் கடை. கடைக்காரர் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, கேட்டதை வெளியே கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். எண் மாறினால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். மத்தியானத்துக்குள் அவர் சட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும். "இன்னாபா, ஏர்றானா எறங்குறானா?" என்று சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டு போவார்கள். அவர் எழுதும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் காத்திருப்பில் ஒரு ருசி இருந்தது. இன்றைக்கு எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே என் போனுக்கு ஐந்து விதமான முடிவுகள் வந்துவிடுகின்றன. ஐந்தையும் அனுப்புவது என் தம்பி ஒருத்தன்தான்.

அப்பா ஓட்டுப் போடும் நாளில் சவரம் செய்து, குளித்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொள்வார். என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மட்டும் விடமாட்டார்கள். அவருடைய அப்பா காலத்தில், கூலிக்குப் போன நிலத்தின் சொந்தக்காரர் யாருக்குப் போடச் சொன்னாரோ அவருக்குத்தான் குடும்பமே போடும். அப்பா அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

"அந்த அட்டைக்குப் பின்னாடி பூந்துட்டேன்னு வை, மேஸ்திரியும் கெடையாது, மொதலாளியும் கெடையாது. நான் மட்டுந்தான் கீறேன்."

இப்படிப்பட்டவருக்குப் பெண்ணாகப் பிறந்த நான்தான் ஒருத்தியை அந்த அட்டைக்குப் பின்னால் போகவிடாமல் செய்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

இஸ்திரி வண்டி ஆபீஸ்

பி.எல்.ஓ. வேலையில் எனக்குப் பெரிய எதிரி, புதிதாக வந்த அடுக்குமாடிகள்தான். வாசலில் செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டுவார். பெயர், நேரம், வந்த நோக்கம். நோக்கம் என்ற இடத்தில் 'ஓட்டு' என்று எழுதினேன். "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டுவிட்டுக் கதவை மூடிவிட்டார். பால்வாடி என்று எழுதியிருந்தால் விட்டிருப்பார்.

எப்படியோ உள்ளே போய் நாலு மாடி ஏறி மணி அடித்தால், ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காதில் மாட்டியதைக் கழற்றாமல் கதவைத் திறப்பார்கள். "எங்க ஓட்டு தென்காசில இருக்குங்க" என்றாள் ஒரு பெண். வண்டியை ஊரில் நிறுத்திவிட்டு வந்தவள் சொல்வது மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் தேர்தலுக்குத் தேர்தல் பஸ் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டுத்தான் வருவாள். விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பழைய தெருக்களில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் தெரிந்த முகம். தெரிந்த முகம் என்பதுதான் என்னைக் கெடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. முட்டி வலி வேறு. தெருமுனையில் தேவராஜின் இஸ்திரி வண்டி. முப்பது வருஷமாக அதே இடம், அதே கரிப்பெட்டி. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இன்னா டீச்சரம்மா, இந்த வெயில்ல ஊடு ஊடா ஏறி எறங்கிகினு கீறே? இங்க குந்து. யாரு கீறாங்க, யாரு பூட்டாங்கன்னு எனுக்குத் தெரியாததா? நான் சொல்றேன், நீ எய்திக்கோ."

பி.எல்.ஓ.க்களுக்குள் இப்படி ஒரு பழக்கம் உண்டு. எங்களைப் போன்றவர்களிடம் ரகசியமாகக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு இஸ்திரி வண்டியோ, பால் பூத்தோ இருக்கும். வீட்டுக்கு வீடு போய் வந்ததாக எழுத வேண்டியதை அங்கே உட்கார்ந்தே எழுதிவிடுவோம். தேவராஜ் சும்மா சொல்கிற ஆளும் இல்லை. எந்த வீட்டில் எத்தனை பேண்ட், எத்தனை யூனிபார்ம், யாருடைய வேட்டி வருவது நின்றுவிட்டது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் முதலில் தெரிவது அவருடைய துணி மூட்டையில்தான்.

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே எழுதினேன்.

"பதினேழு?" என்றேன்.

"அந்த ஊடு காலிம்மா. ஓனரு பையன் ஊட்டுக்கு, ஆவடிக்குப் பூட்டாரு. பூட்டிக் கெடக்குது."

பட்டியலில் பதினேழாம் நம்பரில் இருந்த மூன்று பேருக்கும் 'இடம் மாறினார்' என்று எழுதினேன். முக்கால் மணி நேரத்தில் தெருவே முடிந்தது. எனக்கு என் மேல் பெருமையாகக்கூட இருந்தது.

தேவராஜ் பொய் சொல்லவில்லை. முன்வீடு காலிதான். பக்கவாட்டுச் சந்துக்குள் போனால் பின்னால் ஒற்றை அறை ஒன்று, தனி வாசலோடு. அங்கே மகேஸ்வரியும் அவள் மகளும் வாடகைக்கு இருந்தார்கள். அந்த அறையிலிருந்து தேவராஜ் வண்டிக்கு ஒரு துணிகூட வந்ததில்லை. ஆகவே அவர் கணக்கில் அங்கே ஆளே இல்லை. அவர் கணக்கில் இல்லாததால் என் கணக்கிலும் இல்லை. பெயரை எடுக்கப்போகிறோம் என்று பிறகு வந்த நோட்டீஸும் பூட்டிய முன்வீட்டுக்குள் போய் விழுந்தது.

பார்க்கலாம் என்ற சொல்

இப்போது மறுபடி அந்த மேசைக்கு வருகிறேன்.

"இன்னா டீச்சர், இல்லியா?" என்றாள் மகேஸ்வரி.

உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். நான் சொன்னது இது:

"மேல இருந்து எடுத்திருக்காங்கம்மா. கம்ப்யூட்டர்ல போயிருக்கும். நான் என்ன பண்றது?"

"நான் அங்கதான கீறேன். கம்ப்யூட்டருக்கு என்னை எப்டி டீச்சர் தெரியும்?"

பின்னால் வரிசை நின்றது. உள்ளே போய்த் தேர்தல் அதிகாரியிடம் கேட்டேன். நீக்கிய பெயருக்கு அட்டை இருந்தாலும் ஓட்டு இல்லை, விதி அப்படி என்றார். வெளியே வந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"சாயங்காலம் ஆறு வரைக்கும் டைம் கீதுல்ல? அதுக்குள்ள வந்துடுமா?"

"பார்க்கலாம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான வார்த்தைகளில் அது முதல் இடம். வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வரிசை நகர வேண்டும், அவள் என் எதிரில் இருந்து போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அவளோ போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூவரச மரத்தடியில் ஒரு கல் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கும் இருந்தாள். பன்னிரண்டுக்கும் இருந்தாள். கூட்டம் குறைந்தபோது என்னால் தாங்க முடியாமல் ஒரு மோர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

அவள்தான் பேசினாள். கல்யாணமாகி இருந்தது திருமழிசையில். புருஷனின் அடி பொறுக்காமல் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, பூந்தமல்லி வந்து, அங்கிருந்து பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்தாள். கையில் ஒரு காகிதம் கிடையாது. ரேஷன் கார்டு அவன் பெயரில், அவன் வீட்டில். எனக்கு முன்பு இருந்த பி.எல்.ஓ. ஒருத்தர் இந்த அறைக்கு நேரில் வந்து பார்த்து, எழுதி, வாங்கிக் கொடுத்ததுதான் இந்த அட்டை.

"என் பேரு மட்டும் தனியா போட்டு வந்த மொதல் கார்டு டீச்சர் இது. இத வெச்சித்தான் பேங்க்ல சேத்தாங்க, கேஸ் சிலிண்டர் குட்தாங்க, பொண்ண ஸ்கூல்ல சேத்தேன்."

பிறகு தான் இருக்கும் சந்து பற்றிச் சொன்னாள். மழை வந்தால் கால்வாய்த் தண்ணீர் அவள் அறைக்குள் வந்துவிடும். போன வாரம் வேட்பாளர் ஒருவர் ஆட்களோடு சந்துக்குள் வந்திருக்கிறார். அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் நின்ற அடையாளத்தைச் சுவரில் காட்டியிருக்கிறாள்.

"ஓட்டு கீதுன்னுதான டீச்சர் ஒரு ஆளு நம்ம சந்துக்குள்ள வரான்? லிஸ்ட்ல பேரே இல்லன்னா எவன் வருவான்?"

மோர் பாக்கெட்டை அவள் வாங்கிக்கொண்டாள். நான் அப்போதும் சொல்லவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஆறு மணிக்குப் பள்ளிக்கூட கேட்டைச் சாத்தினார்கள். அவள் எழுந்து, புடவை மடிப்பைத் தட்டிவிட்டு, ஷாமியானா பக்கம் வந்தாள். சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். போட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சந்துக்குள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பெயர் சேர்க்கும் ஆறாம் நம்பர் படிவத்தை எடுத்துக்கொண்டு பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. நின்ற தண்ணீரில் யாரோ செங்கல் போட்டுவைத்திருந்தார்கள்.

மகேஸ்வரி தரையில் போர்வையை மடித்துப் போட்டு மகளின் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் முனை எல்லாம் கத்தியாக நின்றது.

"வெளிய குடுக்க மாட்டியாம்மா?" என்று கேட்டேன். சொல்ல வந்ததை விட்டு அதைக் கேட்கத்தான் வாய் வந்தது.

"எக்ஸ்போர்ட் கம்பெனில டெய்லி எட்டு மணி நேரம் சட்டைக்கு இஸ்திரி போட்றதுதான் டீச்சர் என் வேலையே. என் துணிய நானே இன்னொரு ஆளுகிட்ட குடுப்பேனா?" என்று சிரித்தாள்.

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். கம்ப்யூட்டர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன், தேவராஜ் வண்டியில் உட்கார்ந்துகொண்டே எழுதினேன், இந்தச் சந்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை, என்னை மன்னித்துவிடு என்று.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழம. எனக்கு லீவு" என்றாள். "ஊட்லதான் இருந்தேன் டீச்சர். தண்ணி லாரி வந்துச்சு. கொடத்த எடுத்துகினு ரெண்டு தபா அந்த வண்டியத் தாண்டித்தான் போனேன். நீங்க ஸ்டூல்ல குந்திகினு டீ குடிச்சிகினு இருந்தீங்க. கொடம் இடிக்குமேன்னு கால மடக்கி எனக்கு வழி வுட்டீங்க."

எனக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்தக் குடமும் வரவில்லை, அதைத் தூக்கிப்போன முகமும் வரவில்லை. என் எதிரில் நடந்து போகிறவளுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே, அவள் இங்கே இல்லை என்று எழுதியிருக்கிறேன். அழுதுவிட்டேன். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மகேஸ்வரி அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "ஃபார்ம குடுங்க, எங்க கையெழுத்து போடணும்?" என்றாள். உறவினர் பெயர் என்ற இடம் வந்தபோது, புருஷன் பெயரா என்று பேனாவை நிறுத்தினேன். "எங்கம்மா பேரு போடுங்க" என்றாள்.

அதன் பிறகு நான் இஸ்திரி வண்டியில் உட்காரவில்லை. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். சந்து இருந்தால் உள்ளே போய்ப் பார்த்தேன், மொட்டை மாடியில் கொட்டகை இருந்தால் ஏறிப் பார்த்தேன். தேவராஜுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏழு மணிக்கு முன்பு

அடுத்த தேர்தல்தான் நான் பி.எல்.ஓ.வாக உட்கார்ந்த கடைசித் தேர்தல். பூத் சிலிப்பை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது மகேஸ்வரிக்குத்தான். பெயர் சேர்ந்துவிட்டது என்று வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஓட்டு அன்றைக்கு ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். கையில் அந்த சிலிப். எனக்கு அவளைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "போம்மா, போய் வரிசையில நில்லு, முதல் ஆளாப் போட்டுடலாம்" என்றேன்.

அவள் வரிசைக்குப் போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"லிஸ்ட்ட இப்டித் திருப்புங்க டீச்சர்."

"அதான் சிலிப் குடுத்தேனேம்மா. இருக்கு உன் பேரு."

"செரி. திருப்புங்க."

திருப்பி வைத்தேன். குனிந்து, தன் விரலால் அவளே தேடினாள். அவள் தெரு, அவள் வீட்டு நம்பர், அவள் போட்டோ, அவள் அம்மாவின் பெயர். ஒவ்வொன்றாக உதடு அசையப் படித்தாள். கட்டத்தின் மேல் குறுக்கே எதுவும் அச்சாகவில்லை என்பதை விரலால் தடவிப் பார்த்தாள். பின்னால் நின்ற ஒருவர், "இன்னாமா, பேப்பர் படிக்கிறியா?" என்று கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து, வரிசையில் போய் நின்றாள்.

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பட்டியலை என் பக்கம் திருப்பாமலே, அடுத்து வந்தவரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, "நீங்களே பாருங்க சார்" என்று நீட்டினேன்.